அல்வா வாங்கும் நேரத்தில் அடம்பிடிக்கும் கார்... சூடான இன்ஜின் ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை?

காலையில் வீட்டு வாசலில் ஒரே செல்ஃபில் உயிர் பெறும் கார் அது. அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி டவுன் வரை ஒரு குறையும் சொல்லாமல் ஓடி வரும். கீழ ரத வீதியில் நிறுத்திவிட்டு, பத்தே நிமிடத்தில் அல்வா பொட்டலத்தோடு திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், 'கர்ர்... கர்ர்...' என்று சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. பின்னால் ஆட்டோ ஹாரன், உள்ளே புழுக்கத்தில் குழந்தையின் அழுகை.

அதே கார், அதே இடம். அல்வாவோடு திரும்பாமல் நெல்லையப்பரையும் காந்திமதி அம்மனையும் கும்பிட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தால், எதுவுமே நடக்காததுபோல சமத்தாக ஸ்டார்ட் ஆகிவிடும்.

இப்படி ஆனால் பலர் செய்யும் முதல் வேலை, புது பேட்டரி வாங்குவது. அடுத்து ஸ்பார்க் பிளக். அதற்கும் அடுத்து ஃப்யூயல் பம்ப். ஆயிரக்கணக்கில் செலவான பிறகும், கார் அதே பத்தாவது நிமிடத்தில் அதே அடத்தைப் பிடிக்கும். எந்த பாகம் கெட்டுப்போயிருக்கும் என்று யோசிப்பவர்கள், எப்போது மக்கர் பண்ணுகிறது என்று யோசிப்பதில்லை. சூடான இன்ஜின் விஷயத்தில் அந்த 'எப்போது'தான் முக்கியமான துப்பு.

அனுபவமுள்ள நெல்லைப் பக்கத்து மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பேச்சுக் கொடுப்பது அதனால்தான்.

"அண்ணாச்சி, வண்டி சூடானா ஸ்டார்ட் ஆவ மாட்டேங்கு."

"ஓடிட்டு இருக்கும்போதே நிக்குதா தம்பி, இல்ல நிறுத்திட்டு எடுக்கும்போதா?"

"நிறுத்திட்டு எடுக்கும்போதுதான்."

"நிறுத்தி எம்புட்டு நேரம் கழிச்சு?"

இந்த இரண்டு கேள்விகளிலேயே சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

நிறுத்திய பிறகுதான் சூடு ஏறும்

இன்ஜினை அணைத்தவுடன் அது ஆறத் தொடங்கும் என்றுதான் நினைப்போம். நடப்பது நேர்மாறு. ஓடும்போது கூலன்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். எதிர்க்காற்றும் ரேடியேட்டர் ஃபேனும் வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பி அணைத்ததும் பெரும்பாலான வண்டிகளில் கூலன்ட் ஓட்டம் நின்றுவிடும். இன்ஜின் இரும்பிலும் புகைக்குழாயிலும் தேங்கிய வெப்பம், மூடிய பானெட்டுக்குள் மேலே பரவும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு வேகிறதே, அதே கதைதான்.

நிறுத்திய முதல் 10 முதல் 20 நிமிடங்கள்தான் பானெட்டுக்குள் வெப்பம் உச்சத்தில் இருக்கும் நேரம். பிறகு மெல்ல மெல்ல ஆறும். அல்வா வாங்கப் போனவர் திரும்புவது அந்த உச்ச நேரத்தில். கோயிலுக்குப் போனவர் திரும்புவது ஆறிய பிறகு. வெயில் 40 டிகிரியைத் தொடுவது பாளையங்கோட்டைக்குப் புதிதல்ல. அந்த வெயிலில் நிழலில்லாத இடத்தில் நிறுத்தினால், ஆறுவதற்கு இன்னும் நேரமாகும்.

முதல் சோதனை: செல்ஃப் சுற்றுகிறதா?

சாவியைத் திருப்பும்போது வரும் சத்தத்தைக் கவனியுங்கள். காலையில் சுற்றும் அதே வேகத்தில் செல்ஃப் சுற்றுகிறதா, இல்லை முக்கி முனகுகிறதா?

முனகினால், பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம். இது மின்சாரப் பிரச்னை. செம்புக் கம்பி சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும். 60 டிகிரி வெப்பம் ஏறினால், மின்தடை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அதிகமாகும். காலையில் சமாளித்துவிடும் பழைய ஸ்டார்ட்டர் மோட்டாரும், துருப்பிடித்த எர்த் கேபிளும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சாதாரண மல்டிமீட்டர் போதும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும், 9.6-க்கும் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் ஓடும்போது, பழைய பாணி சார்ஜிங் உள்ள வண்டிகளில் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். பேட்டரியில் வோல்ட் நன்றாக இருந்தும் செல்ஃப் முனகினால், கேபிள், எர்த் இணைப்பு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றை அந்த வரிசையிலேயே பாருங்கள். எர்த் இணைப்பைக் கழற்றிச் சுரண்டி இறுக்க ஆகும் செலவு மிகக் குறைவு. அதைச் செய்யாமல் புது பேட்டரி வாங்கினால் பணம்தான் வீண்.

செல்ஃப் வழக்கம்போல வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? அப்படியானால் பெட்ரோல், தீப்பொறி, சென்சார் இந்த மூன்றில் ஒன்று.

அம்பாசடர் காலத்து ஈரத்துணி

அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில், மலையேறும் வழியில் டிரைவர் பானெட்டைத் திறந்து ஃப்யூயல் பம்ப் மீது ஈரத்துணி சுற்றும் காட்சி சகஜம். அது வெறும் நம்பிக்கையல்ல; அதில் அறிவியல் இருந்தது.

பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதி 35 - 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பழைய வண்டிகளில் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருக்கும். பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து அது பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவதால், கொதிப்பது இன்னும் சுலபமாகிவிடும். குழாய்க்குள் திரவம் இருக்க வேண்டிய இடத்தில் ஆவி நிறைந்துவிட்டால், பம்ப் வெறும் ஆவியைத்தான் பிசைந்துகொண்டிருக்கும். இதுதான் 'வேப்பர் லாக்'. ஈரத்துணி பம்ப்பைக் குளிர வைத்து, ஆவியை மறுபடியும் திரவமாக்கியது.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து, இன்ஜினுக்குள் தேவைக்கு அதிகமாக வழிந்துவிடும். கார்புரேட்டரோடு வந்த ஆரம்ப கால மாருதி 800-ஐ இன்றும் பாசத்தோடு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அப்போது ஆக்ஸிலரேட்டரை மறுபடி மறுபடி மிதிப்பதுதான் பெரிய தவறு. ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போகும். சோக் இழுக்காமல், ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தாக முழுவதும் மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்தால், அதிகப்படியான பெட்ரோல் வெளியேறி இன்ஜின் பிடிக்கும். பிடித்ததும் காலை எடுத்துவிட வேண்டும்.

பழைய வண்டிக்காரர்கள் ரப்பர் ஹோஸ்களையும் பார்த்துவிடுவது நல்லது. இப்போது பங்குகளில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகக் கிடைக்கிறது. எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்படாத பழைய ரப்பர், நாளடைவில் வீங்கவோ வெடிக்கவோ கூடும். சூடான இன்ஜின் மேல் ஒரு சொட்டு பெட்ரோல் கசிந்தாலும் ஆபத்து. பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு மூன்று முறை சாவி

இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. பல வண்டிகளில் குழாயில் பெட்ரோல் அழுத்தம் சுமார் 3 பார்; நம் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட அதிகம். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். அதனால் வேப்பர் லாக் அரிதாகிவிட்டது.

ஆனால், இன்ஜினை அணைத்த பிறகும் அந்த அழுத்தம் குழாயில் நிற்க வேண்டும். பம்ப்பில் உள்ள ஒருவழி வால்வு தேய்ந்தாலோ, இன்ஜெக்டர் ஒன்று சொட்டினாலோ அழுத்தம் இறங்கிவிடும். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகும். விளைவு, ஐந்தாறு விநாடி செல்ஃப் அடித்த பிறகுதான் இன்ஜின் பிடிக்கும்.

இதற்குக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள்; ஸ்டார்ட் செய்யாதீர்கள். பின் சீட் பக்கம் இரண்டு விநாடிக்கு 'ம்ம்ம்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். அணைத்துவிட்டு, மறுபடியும் 'ஆன்'. இப்படி மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பட்டன் வைத்த வண்டியென்றால், பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலும் 'ஆன்' நிலைக்கு வரும்.

இப்படிச் செய்து உடனே ஸ்டார்ட் ஆனால், அழுத்தம் இறங்குவதுதான் வியாதி என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். பம்ப் சத்தமே வரவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பம்ப் என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட் ஆகும்போது பெட்ரோல் வாடையோடு கறுப்புப் புகை வந்தால், இன்ஜெக்டர் சொட்டுகிறது என்று சந்தேகிக்கலாம்.

டீசல் வண்டிக்குக் கணக்கு வேறு. சூட்டில் டீசல் இளகும். தேய்ந்த இன்ஜெக்டர் வழியாக அது அதிகமாகத் திரும்பி ஓடுவதால், செல்ஃப் அடிக்கும்போது போதிய அழுத்தம் சேராது. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் எவ்வளவு டீசல் திரும்புகிறது என்று அளந்து பார்ப்பதுதான் அதற்கான சோதனை.

பொய் சொல்லும் சென்சார்

இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். சிறிய பாகம்தான். ஆனால், அது பொய் சொல்ல ஆரம்பித்தால் வண்டி மொத்தமும் குழம்பிவிடும். இன்ஜின் 90 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும்போது, '20 டிகிரிதான்' என்று சென்சார் சொன்னால், கம்ப்யூட்டர் பனிக்காலக் காலைக்கான பெட்ரோலைக் கொட்டும். காலையில் அருமையாக ஸ்டார்ட் ஆவது, சூட்டில் திணறுவது, மைலேஜ் குறைவது, புகைக்குழாய் முனையில் கரி படிவது எல்லாம் சேர்ந்து வந்தால், இந்த சென்சாரை முதலில் பாருங்கள்.

பார்ப்பதும் எளிது. 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில், ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டரை அதில் செருகினால், கையில் இருக்கும் செல்போனே ஸ்கேனராகிவிடும். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் கூலன்ட் வெப்பமும் உள்ளே போகும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அரை மணி நேரம் ஓடிய பிறகு கூலன்ட் 80 முதல் 95-க்குள் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு இடித்தால் சென்சாரையும் அதன் வயரையும் சோதிக்கச் சொல்லலாம்.

ஓடும்போதே உயிர் போனால்

மெக்கானிக்கின் முதல் கேள்வியை நினைவில் கொள்ளுங்கள். நிறுத்திவிட்டு எடுக்கும்போது அல்லாமல், வண்ணார்பேட்டை நெரிசலிலோ ஈரடுக்கு மேம்பாலத்திலோ ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் 'பொசுக்' என்று நின்று, அரை மணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் க்ராங்க் சென்சார்தான் முதல் சந்தேக நபர்.

இன்ஜினுக்குள் க்ராங்க் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதுதான். அந்தத் தகவல் வராவிட்டால், பல வண்டிகளில் பெட்ரோலும் தீப்பொறியும் சேர்ந்தே நின்றுவிடும். சூட்டில் உள்ளே இணைப்பு விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்போது கார் நல்ல பிள்ளையாகிவிடும். நின்ற இடத்திலேயே செல்ஃப் அடித்து, ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள், அல்லது செல்போன் ஆப்பில் ஆர்.பி.எம். பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 200-ஐ ஒட்டி ஏதாவது காட்டினால் சென்சார் உயிரோடு இருக்கிறது. அசையாமல் பூஜ்யத்திலேயே இருந்தால், சந்தேகம் வலுக்கிறது.

இக்னிஷன் காயிலும் சூட்டில் மட்டும் கெடுவது உண்டு. ஆனால், சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டிகளில், ஒன்று கெட்டால் இன்ஜின் மொத்தமாக நிற்காது. மிஸ்ஸிங் அடித்து உதறும்.

பெட்ரோல் போட்டவுடன் மட்டும் அடம்பிடிக்கிறதா? டேங்கில் சேரும் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே நின்றுவிட்டால், டேங்க் நிரப்பிய பிறகு எடுக்கும்போது அளவுக்கு மீறிய ஆவி உள்ளே புகும். 'பங்கில் மட்டும்தான் இப்படி' என்று நீங்கள் சொல்லாவிட்டால், இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஐடிலிங் துள்ளினால்

ஸ்டார்ட் ஆகிவிடுகிறது; ஆனால், சிக்னலில் நின்றால் உதறுகிறது, ஏ.சி போட்டால் ஆஃப் ஆகிறது என்பது இன்னொரு ரகம். சூடான பெட்ரோல் இன்ஜின், ஐடிலிங்கில் பொதுவாக 700 முதல் 900 ஆர்.பி.எம். வரை நிலையாக நிற்க வேண்டும். ஆர்.பி.எம். முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் அதிர்ந்தால், அது பெரும்பாலும் இன்ஜின் மவுன்ட் ரப்பர். முள்ளே ஏறி இறங்கினால் மேலே படியுங்கள்.

முதல் சந்தேகம் த்ராட்டில் பாடியில் படிந்த அழுக்கு. ஐடிலிங்கில் காற்று போகும் இடுக்கு மிகச் சிறியது. அதில் கரி படிந்தால் மூச்சு முட்டும். சுத்தம் செய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். சில வண்டிகளில் சுத்தம் செய்த பிறகு ஸ்கேனர் வைத்து ஐடிலிங்கை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, காற்றுக் கசிவு. வெடித்த வேக்கம் ஹோஸ், சூட்டில் இன்னும் விரியும். பானெட்டைத் திறந்தால் 'ஸ்ஸ்' என்ற சத்தம் கேட்கலாம். செல்போன் ஆப்பில் 'ஃப்யூயல் டிரிம்' எண், ஐடிலிங்கில் 10 சதவிகிதத்துக்கு மேல் போய், 2,500 ஆர்.பி.எம்-மில் இறங்கி வந்தால், கசிவு இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, கேஸில் ஓடும் வண்டிகளுக்கானது. எல்.பி.ஜி, சி.என்.ஜி-யில் அதிகம் ஓடினால், வால்வு அமரும் இடம் தேய்ந்து, வால்வு இடைவெளி குறையலாம். காலையில் தெரியாது. இன்ஜின் சூடாகி உலோகம் விரிந்ததும் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும், ஐடிலிங் உதறும். பிளக்கையும் காயிலையும் மாற்றிப் பார்த்து ஓய்ந்துபோகும் டாக்ஸி டிரைவர்கள், வால்வு இடைவெளியை அளக்கச் சொல்லலாம்.

மலைப்பாதையில் நின்றுவிட்டால்...

டவுனில் நின்றால் தொந்தரவு. பாபநாசத்துக்கு மேலே காரையாறு பாதையில் நின்றால் ஆபத்து. அந்தக் காடு களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. செல்போன் சிக்னலையும் நம்ப முடியாது. சூட்டில் நின்றுபோகும் பழக்கம் உள்ள காரை, சரிபார்க்காமல் குடும்பத்தோடு மலையேற்ற வேண்டாம்.

இறக்கத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக் கல்லாக மாறும். பிரேக் மிதிக்கு வலு சேர்ப்பதே இன்ஜினின் உறிஞ்சு சக்திதான். நின்ற பிறகு ஓரிரு மிதிக்கு மட்டுமே அது மிச்சமிருக்கும். எனவே மிதியைத் தட்டித் தட்டி வீணாக்காமல், ஒரே அழுத்தாக மிதித்து ஓரம் கட்டுங்கள். ஸ்டியரிங்கும் கனமாகும், இரண்டு கையாலும் பிடியுங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு மலையிறங்கும் பழக்கம் அறவே வேண்டாம்.

நின்ற பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரிக்கும் மேல் இருக்கலாம். திறந்த நொடியில் முகத்தில் பீய்ச்சியடிக்கும். கொதிக்கும் இன்ஜின்மீது தண்ணீரையும் ஊற்றாதீர்கள், விரிசல் விடலாம். பானெட்டைத் திறந்து வைத்து, எல்லோரும் இறங்கி ஓரமாக நிழலில் அரை மணி நேரம் காத்திருப்பதே சரி. செல்ஃபையும் ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம்; நடுவில் அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள். திரும்பத் திரும்பத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் புதிய கார்களுக்கு ஆகாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதன் விலை பேட்டரியைவிடப் பல மடங்கு.

மெக்கானிக்கிடம் போகும் முன்

ஒர்க்‌ஷாப்பில் காரை விடும் முன் ஒரு வாரம் குறிப்பு எடுங்கள். செல்போனிலேயே எழுதலாம். எவ்வளவு நேரம் ஓடியது, நிறுத்தி எத்தனை நிமிடம் கழித்து எடுத்தீர்கள், செல்ஃப் வேகமாகச் சுற்றியதா, பெட்ரோல் வாடை வந்ததா, புகையின் நிறம் என்ன, சாவியை மூன்று முறை போட்டதில் மாற்றம் தெரிந்ததா, கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டீர்கள்... இவ்வளவு போதும். மக்கர் பண்ணும்போது மீட்டர் தெரியும்படி, செல்ஃப் சத்தத்தோடு ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். ஒர்க்‌ஷாப்பில் நல்ல பிள்ளையாக நிற்கும் காரின் குட்டு அந்த வீடியோவில் வெளிப்பட்டுவிடும்.

காரை விடும்போது, 'மதியம் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு, பதினைந்து நிமிஷம் நிறுத்திப் பார்த்துட்டுச் சொல்லுங்கண்ணே' என்று கேளுங்கள். காலை எட்டு மணிக்குக் குளிர்ந்த இன்ஜினில் பார்த்தால், சூட்டில் வரும் வியாதி தெரியாது. பாகத்தை மாற்றும் முன், 'எதை வெச்சு இதுதான்னு சொல்றீங்க?' என்று கேட்பதிலும் தவறில்லை. சோதித்துப் பார்த்த மெக்கானிக் வோல்ட் எண்ணையோ பிரஷர் எண்ணையோ காட்டுவார். காட்ட எதுவும் இல்லையென்றால், பர்ஸைத் திறக்க அவசரப்பட வேண்டாம்.